விளக்கு ஏந்திய நர்ஸ் தெரியும்... மரணங்களை எண்ணிய நர்ஸ் தெரியுமா? யார் இந்த ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல்?

நர்ஸிங் சேர்ந்தவங்க முதல் வருஷமே கேட்கும் பெயர் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல். அவர் பிறந்த மே 12-ம் தேதிதான் சர்வதேச செவிலியர் தினம். கையில் விளக்கோடு நோயாளிகளைச் சுற்றி வந்தவர் என்பதுதான் நமக்குத் தெரிந்த படம். ஆனா, ஐ.சி.யு. நர்ஸ் இன்று செய்யும் வேலைக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

வீட்டிலேயே எதிர்ப்பு

1820-ல் வசதியான ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்தவர் நைட்டிங்கேல். அந்தக் காலத்தில் நர்ஸ் வேலைக்கு மரியாதையே கிடையாது. நல்ல குடும்பத்துப் பெண் செய்யும் வேலையா இதுன்னு அம்மாவும் அக்காவும் கடுமையா எதிர்த்தாங்க. அவர் விடலை. 1849-ல் தேடி வந்த திருமணத்தை மறுத்தார். 1851-ல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் பயிற்சி எடுத்தார். 1853-ல் லண்டனில் ஒரு சிறிய மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றார்.

ஸ்கூட்டாரியில் நடந்தது என்ன?

கிரிமியப் போரில் அடிபட்ட பிரிட்டிஷ் வீரர்களைக் கவனிக்க, 38 பெண்களோடு 1854 நவம்பரில் இஸ்தான்புல் அருகே உள்ள ஸ்கூட்டாரிக்கு வந்தார். சுத்தமான துணி, சாப்பாடு, கவனிப்பு என எல்லாவற்றையும் சீர்படுத்தினார். ஆனாலும் சாவு குறையலை. 1855 பிப்ரவரியில் மரண விகிதம் 42 சதவீதத்தைத் தாண்டியது.

மார்ச் மாதம் லண்டனிலிருந்து வந்த சுகாதாரக் குழு, கட்டடத்துக்கு அடியில் அடைத்துக் கிடந்த சாக்கடையைச் சுத்தம் செய்தது, காற்றோட்டத்தைச் சரிசெய்தது. சில மாதங்களிலேயே மரணங்கள் பெருமளவு குறைந்தன.

கணக்கு சொன்ன உண்மை

போதிய சாப்பாடு இல்லாததும், வீரர்கள் மோசமான நிலையில் வந்து சேர்வதும்தான் காரணம் என முதலில் அவர் நம்பினார். நாடு திரும்பிய பிறகு, புள்ளியியல் நிபுணர் வில்லியம் ஃபாருடன் உட்கார்ந்து மரணக் கணக்குகளை ஆராய்ந்தார். குண்டுக் காயத்தைவிட, தடுத்திருக்கக் கூடிய நோய்களே அதிகம் பேரைக் கொன்றது தெரிந்தது. அன்போடு கவனிச்சா மட்டும் போதாது என்பது அவருக்குக் கிடைத்த கசப்பான பாடம்.

1858-ல் அதையே வண்ண வரைபடமாக்கினார். நோயால் இறந்தவர்களுக்கு நீலம், காயத்தால் இறந்தவர்களுக்குச் சிவப்பு. எண்ணைப் பார்த்து அலட்சியமா நகர்ந்துவிடும் அதிகாரிகளும் படத்தைப் பார்த்தா புரிஞ்சுக்கணும் என்பதுதான் நோக்கம். லண்டன் புள்ளியியல் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினரும் அவர்தான்.

ஐ.சி.யு-வுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நர்ஸிங் பள்ளி தொடங்கினார். நோயாளியின் முகம், மூச்சு, நாடி இதில் வரும் சின்ன மாற்றத்தையும் கவனிப்பது நர்ஸுக்கு மிக முக்கியம் என எழுதினார். ஆபரேஷன் முடிந்தவர்கள் தெளியும் வரை தங்க, பக்கத்திலேயே தனி அறை இருக்கும் வழக்கத்தையும் 1863-ல் வந்த தன் புத்தகத்தில் குறிப்பிட்டார்.

ஐ.சி.யு. என்ற தனிப் பிரிவு உருவானது, 1952-ல் கோபன்ஹேகனை உலுக்கிய போலியோவுக்குப் பிறகுதான். மெஷின்கள் புதுசு. ஆனா, படுக்கை பக்கத்தில் நின்று விடாமல் கவனி, கவனித்ததை எழுதி வை, எழுதியதை வைத்துக் கேள்வி கேள் என்ற வேலை அவர் காட்டியது.

கிரிமியாவில் பிடித்த நோயால் பல வருஷம் படுக்கையிலேயே கழித்தவர், அங்கிருந்தே எழுதிக்கொண்டிருந்தார். 1910 ஆகஸ்ட் 13-ல், 90 வயதில் காலமானார். அரசர்கள் புதைக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இடம் தர முன்வந்தும் குடும்பத்தினர் மறுத்துவிட்டனர். ஊர் தேவாலயக் கல்லறையில் அவர் பெயரின் இரண்டு முதலெழுத்துகளும் பிறந்த, இறந்த தேதிகளும் மட்டுமே இருக்கின்றன.