இந்து போர்ட் இராசரத்தினம்

யாழ்ப்பாணத்தில் ‘இந்து போர்ட்’ என்றால் அடுத்து வருஞ் சொல் இராசரத்தினம் என்பதே. 1884இல் பிறந்த இப்பெரியார் சட்டத் தொழிலிலே பொருளீட்டிச் சுகமாக வாழ்ந்திருக்கலாம். 1923இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் தோன்றியபின் அதுவே அவர் வாழ்வாயிற்று. அரசாங்க உதவி நன்கொடை ஆசிரியர் சம்பளத்திற்கு; நிலமும் கட்டடமும் ஊரவர் பொறுப்பு. ஆகவே ஊரவரிடம் கேட்டார், கேட்க வெட்கப்பட்டாரில்லை. சைவப் பிள்ளைகளுக்குப் பள்ளியில்லாத கிராமங்களிற் பாடசாலைகள் எழுந்தன. தொகை 100ஐக் கடந்தது. ஆசிரியரைப் பயிற்றத் திருநெல்வேலியிலே கலாசாலையும், அநாதைச் சிறுவர்க்கு இல்லமும் அமைந்தன. மிஷன் பாடசாலையிற் படித்த அடியேன் அங்கு பெற்ற கல்வியை மறவேன். ஆயினும், சமயத்தை விலையாகக் கேளாத பள்ளி ஏழைப் பெற்றோருக்கு எத்துணை ஆறுதல் என்பதையும் உணர்கின்றேன். 1960இல் அரசாங்கம் உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. சங்கத்தின் பாடசாலைகளும் கைமாறின. அநாதைப் பிள்ளைகளின் இல்லம் சங்கத்திடமே இருந்தது. பெரியார் 1970இல் சிவபதமடைந்தார்.