மீன் தொட்டியில் வாழும் பெயர்: லூயி அகாசி

மீன் கடைகளில் ‘அகாசிசி’ என்று விற்கப்படும் குட்டி சிக்லிட் மீன், லூயி அகாசியின் பெயரைத் தாங்கியது. 1807-இல் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். பனியாறுகளையும் மீன் புதைபடிவங்களையும் ஆராய்ந்து புகழ்பெற்று, அமெரிக்காவின் ஹார்வர்டில் பேராசிரியரானார். மனித இனங்களைப் பற்றி அவர் சொன்னவை ஏற்கத்தக்கவை அல்ல. மீன்களை அறிந்ததில் அவருக்கு நிகரானவர் அன்று சிலரே.

உயிரினங்கள் மாறுவதில்லை என்பது அவருடைய பிடிவாதம். டார்வின் சொன்னது தவறு என்று காட்டச் சான்று தேடி 1865-இல் அமேசானுக்குப் போனார். சாராயத்தில் போட்ட மீன் நிறம் இழந்துவிடும் அல்லவா? அதற்காகவே ஓவியர் ஜாக் பர்கார்ட்டை உடன் அழைத்துச் சென்று, பிடித்த மீன்களை வண்ணத்தில் வரையச் செய்தார்.

1873-இல் அகாசி காலமானார். அப்பயணத்தில் கிடைத்த மீன்களை ஆராய்ந்த வியன்னா அறிஞர் ஸ்டெய்ன்டாக்னர், 1875-இல் இந்தச் சிறு மீனுக்கு அவர் பெயரைச் சூட்டினார். வேடிக்கை என்னவென்றால், இதன் நிறம் ஆற்றுக்கு ஆறு மாறும்!

ஆகவே நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஆணின் வால் ஈட்டிமுனை போல் கூர்ந்திருக்கும். உடலில் ஓடும் கருங்கோடு வாலுக்குள்ளும் நீளும். பெண்ணின் வால் வட்டமானது. மற்ற இனப் பெண் மீன்களோடு கலந்து விட்டால் கடைக்காரரே தடுமாறுவார்.