பூமிக்குள் எட்டிப்பார்த்த ஓல்டாம்

1897-ம் ஆண்டு ஜூன் 12-ந்தேதி, சனிக்கிழமை. மாலை சுமார் 5-15 மணி.

அசாம் மலைநாட்டில் பூமி குலுங்கியது. ஷில்லாங் நகரில் இருந்த கல் கட்டிடங்கள் எல்லாம் தரைமட்டமாயின. மண்ணில் புதைந்து கிடந்த பாறாங்கற்கள் பந்து போல மேலே தூக்கி எறியப்பட்டன. தொலைவில் உள்ள கல்கத்தாவில்கூட வீடுகள் சேதம் அடைந்தன. இறந்தவர்கள் 1,542 பேர் என்று கணக்கு எடுக்கப்பட்டது. இதே பூகம்பம் நள்ளிரவில், எல்லோரும் வீட்டுக்குள் தூங்கும்போது வந்திருந்தால், சாவு எத்தனையோ மடங்கு கூடியிருக்கும்.

இந்தப் பூகம்பத்தை ஆராயும் வேலை ஒரு அரசாங்க அதிகாரியிடம் வந்து சேர்ந்தது. அவர் பெயர் ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம். அப்போது அவருக்கு வயது 38.

தந்தையின் பாதி வேலை

ஓல்டாம் 1858-ம் ஆண்டு ஜூலை 31-ந்தேதி பிறந்தார். அவருடைய தந்தை தாமஸ் ஓல்டாம் அயர்லாந்துக்காரர். 1851-ல் கல்கத்தாவுக்கு வந்து, இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் தலைவராக இருந்தவர். 1869-ல் அசாமின் கச்சார் பகுதியில் பூகம்பம் வந்தபோது அதை ஆராய்ந்தவரும் அவரே. இந்தியாவில் அதுவரை ஏற்பட்ட பூகம்பங்களுக்கு ஒரு பட்டியலும் தொகுத்தார். அவை புத்தகமாக வெளிவருவதற்கு முன்பே, 1878-ல் இறந்துபோனார்.

மறு ஆண்டு மகன் அதே இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தார். தந்தை விட்டுச்சென்ற காகிதங்களை எடுத்துச் சரிபார்த்து, தந்தையின் பெயரிலேயே வெளியிட்டார். அந்த வேலையிலேயே அவருக்குப் பூகம்பம் பழகிவிட்டது என்று சொல்லலாம். இமயமலை, பர்மா, அந்தமான் என்று பல இடங்களை அவர் ஆராய்ந்தார். இந்திய நிலவியலுக்கு அடிப்படை நூலாக விளங்கிய புத்தகத்தைத் திருத்தி எழுதி, 1893-ல் புதிய பதிப்பாகக் கொண்டுவந்தார்.

ஸ்டேஷன் கடிகாரங்கள்

அசாம் பூகம்பத்துக்கு வருவோம். எந்த ஊரில் எத்தனை மணிக்கு அதிர்ச்சி வந்தது? இதுதான் ஓல்டாமுக்குத் தேவைப்பட்ட விவரம். அது கிடைத்தால் அதிர்ச்சியின் வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம்.

ஆனால் அப்போது இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம் கிடையாது. கல்கத்தாவில் ஊர்க் கடிகாரம் ஒரு மணி காட்டும். ரெயில்வேயும் தந்தி இலாகாவும் சென்னை நேரத்தை வைத்திருந்தன. இரண்டுக்கும் சுமார் 33 நிமிட வித்தியாசம். அதிர்ச்சி அலையோ ஒரு நிமிடத்தில் சுமார் 200 கிலோமீட்டர் ஓடிவிடும். ஒரு குமாஸ்தா பார்த்தது 5-12 ஆக இருக்க, கால் மணி என்று எழுதிவைத்தால் கணக்கு 600 கிலோமீட்டர் தவறிவிடும்! ஆகவே ரெயில் நிலையத்திலும் தந்தி ஆபீசிலும் சரியான கடிகாரத்தைப் பார்த்து நிமிடத்தை எழுதி வைத்தவர்களின் குறிப்பு அவருக்குப் பொன்னாக இருந்தது. அவர்கள் பெயர் இன்று யாருக்கும் தெரியாது.

ஓல்டாமின் அறிக்கை 1899-ல் வெளிவந்தது. இன்றும் பூகம்ப ஆராய்ச்சியாளர்கள் அதைப் புரட்டிப் பார்க்கிறார்கள்.

மூன்று அலைகள்

அந்தப் பூகம்பம் 7 ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இத்தாலியில் இருந்த கருவிகளிலும் பதிவாகி இருந்தது. ஓல்டாம் அந்தப் பதிவுகளை வரவழைத்துப் பார்த்தார். கோடு மூன்று தடவை துள்ளியிருந்தது. முதலில் சிறு அசைவு. பிறகு அதைவிடப் பெரியது. கடைசியில் நீண்ட, பெரிய ஆட்டம். புறப்பட்டது ஒரே நேரம். வந்து சேர்ந்தது மூன்று நேரம்!

முதல் அலை எப்படி வருகிறது? சிவாஜிநகர் பஸ் நிலையத்தில் மாலை 6 மணிக்கு வரிசையில் நிற்கிறீர்கள். பின்னால் ஒருவர் இடிக்கிறார். அவர் முன்னால் இருப்பவரைத் தள்ள, அவர் அடுத்தவரைத் தள்ள, இடி வரிசையின் முனைவரை போய்விடுகிறது. ஆனால் ஆட்கள் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். பாறைக்குள் இப்படி நெருக்கித் தள்ளிக்கொண்டு ஓடுவதுதான் முதல் அலை. வேகம் அதிகம். இதற்கு ‘பி’ அலை என்று பெயர்.

இரண்டாவது, ‘எஸ்’ அலை. துணி காயப்போடும் கயிற்றின் ஒரு முனையை உதறினால் நெளிவு மறுமுனைக்கு ஓடுகிறது அல்லவா? அதுபோலப் பாறை பக்கவாட்டில் ஆடும். இது மெதுவாக வரும். தண்ணீரைப் பக்கவாட்டில் முறுக்கினால் அது திமிறி நிற்காது. ஆகவே எஸ் அலை திரவத்துக்குள் நுழையவே முடியாது. மூன்றாவது அலை, அல்சூர் ஏரியில் கல்லைப் போட்டதும் பரவும் வளையம் போல, பூமியின் மேல்தோலோடு வருகிறது. தூரத்துப் பதிவுகளில் பெரிய ஆட்டமாகத் தெரிவது இதுதான்.

பாறைக்குள் இரு வகை அலைகள் ஓடும் என்று கணித மேதைகள் காகிதத்தில் முன்பே சொல்லி இருந்தார்கள். கருவியின் பதிவில் அவற்றை இனம் பிரித்துக் காட்டியவர் ஓல்டாம்.

ஷில்லாங்கில் இருந்து பெங்களூர் சுமார் 2 ஆயிரம் கிலோமீட்டர். இன்றைய கணக்குப்படி முதல் அலை நாலேகால் நிமிடத்தில் இங்கே வந்துவிடும். இரண்டாவது வர ஏழே முக்கால் நிமிடம் ஆகும். மூன்றாவதற்குச் சுமார் 10 நிமிடம். மின்னலுக்கும் இடிக்கும் உள்ள இடைவெளியைக் கொண்டு மழை எவ்வளவு தூரத்தில் என்று சொல்வதுபோல, இந்த இடைவெளியைக் கொண்டு பூகம்பம் நடந்த தூரத்தைச் சொல்லிவிடலாம். ஜப்பானில் முதல் அலை தட்டியதுமே, பெரிய ஆட்டம் வருவதற்குள் அதிவேக ரெயில்களுக்குப் பிரேக் போடப்படுகிறது. உத்தரகாண்டில் 2021 முதல் செல்போனில் எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாடும் இந்த இடைவெளியை நம்பித்தான்.

பூமியின் கரு

உடல்நலம் கெட்டதால் ஓல்டாம் 1903-ல் வேலையை விட்டுவிட்டு இங்கிலாந்து திரும்பினார். மூளை ஓயவில்லை. உலகின் பல மூலைகளில் பதிவான பூகம்பங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தார். பூமியின் மறுபக்கத்துக்கு நடுமையம் வழியாக வரவேண்டிய அலைகள் தாமதமாக வந்தன. நடுவில் ஏதோ ஒன்று அலையைத் தாமதப்படுத்துகிறது! பூமிக்கு வேறு பொருளால் ஆன ஒரு கரு இருக்கிறது என்று 1906-ல் அறிவித்தார்.

கருவின் அளவை அவர் குறைத்தே மதிப்பிட்டார். அதன் எல்லை 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் இருப்பதை ஜெர்மானியர் குட்டன்பர்க் பின்னர் கணக்கிட்டார். அது உருகிய திரவம் என்று 1926-ல் இங்கிலாந்தின் ஜெப்ரிஸ் காட்டினார். ஆனால் கதவைத் திறந்தவர் ஓல்டாம்தான். லண்டன் நிலவியல் கழகம் 1908-ல் அவருக்கு லயல் பதக்கம் அளித்தது. பிறகு 1920-ல் தலைவராகவும் ஆக்கியது.

1936-ம் ஆண்டு ஜூலை 15-ந்தேதி வேல்சில் ஓல்டாம் காலமானார். வயது 77. அதே ஆண்டில், திரவக் கருவின் நடுவே கெட்டியான இன்னொரு கரு இருப்பதை டென்மார்க் பெண் விஞ்ஞானி லேமன் வெளியிட்டார்.

கவுரிபிதனூரில்

பெங்களூருக்கு வடக்கே, இந்துப்பூர் ரெயில் பாதையில் கவுரிபிதனூர் இருக்கிறது. அங்கே 1965-ல் அணுசக்தித் துறை 20 அதிர்வுக் கருவிகளை ‘ட’ வடிவில் இரு வரிசையாக அமைத்தது. வெளிநாடுகள் பூமிக்கு அடியில் வெடிக்கும் அணுகுண்டுகளை இங்கிருந்தே கண்டுபிடிப்பதற்கான ஏற்பாடு அது. குண்டு வெடித்தால் பாறை எல்லாப் பக்கமும் ஒரே சமயத்தில் தள்ளப்படும். ஆகவே முதல் அலை பலமாக வரும், மற்றவை மெலிந்திருக்கும். பூகம்பம் என்றால் பாறை வழுக்கி நகர்கிறது. பின்னால் வரும் அலைகளே ஓங்கி நிற்கும்.