காவடிக்குச் சிந்து தந்த கவிஞர்

காவடி தோளில் ஏறிவிட்டால் கால் தானே ஆடத் தொடங்கும். அந்த ஆட்டத்திற்கு இசைந்த மெட்டுக்களைத் தென்பாண்டிச் சீமை மக்கள் வழிவழியாகப் பாடி வந்தார்கள். ஆனால் புலவர் உலகமோ அந்தாதியையும் தலபுராணத்தையுமே பெரிதாக மதித்தது. இந்த இரண்டு உலகங்களையும் இணைத்து வைத்தவர் ஓர் இளைஞர். அவரே அண்ணாமலை ரெட்டியார்.

சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்தில் 1865-ஆம் ஆண்டு பிறந்தார். தமிழ்மீது தணியாத வேட்கை. திருவாவடுதுறை ஆதீனத்தை நாடிச் சென்று, உ. வே. சாமிநாதையரிடமும் பாடம் கேட்டார். பின்னர், ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் அவரை ஆதரித்துத் தம் அவைப் புலவராக்கிக்கொண்டார்.

ஜமீன்தார் முருக பக்தர். கழுகுமலைக்குக் காவடி எடுத்து நடந்தபோது, வழிநடையில் பாடுவதற்குப் பாட்டு வேண்டியிருந்தது. சோதனை அங்கேதான். கடுந்தமிழில் பாடினால் காவடி எடுப்பவர் வாயில் நுழையாது. பழைய பாட்டையே திரும்பப் பாடினால் புலவர் எதற்கு?

ரெட்டியார் மெட்டைக் கலைக்கவில்லை. மக்களுடைய தாளத்தை அப்படியே வைத்துக்கொண்டார். சொற்கள் மட்டும் அவருடையவை. எதுகையும் மோனையும் சலங்கைபோல் அடுக்கடுக்காக ஒலித்தன. கழுகுமலையின் வளம், கோயிலின் சிறப்பு, அடியார் கூட்டம், முருகன்மேல் காதல் கொண்ட தலைவியின் ஏக்கம் எல்லாம் அந்தச் சிந்தில் இடம்பெற்றன. அகப்பொருள் மரபு, காவடியோடு தெருவில் நடந்தது! கற்றவரும் வியந்தனர், கல்லாதவரும் பாடினர்.

சங்கரன்கோவில் திரிபந்தாதி, வீரைத் தலபுராணம் முதலிய நூல்களையும் அவர் இயற்றினார். புலமைக்குச் சான்றான அவற்றை இன்று அறிந்தவர் சிலரே. நடப்பவர்களுக்காகப் பாடிய காவடிச் சிந்தே அவர் பெயரை நிலைநாட்டியது.

1891-ஆம் ஆண்டு, இருபத்தாறாவது வயதில் அவர் காலமானார். அப்போது எட்டயபுரத்துப் பாரதி சிறுவன். பின்னாளில் அவரும் சிந்து வடிவில் புதுப் பொருளைப் பாடினார்.

ரெட்டியாரின் சிந்து இன்று கச்சேரி மேடையிலும் ஒலிக்கிறது. காவடி ஆடும் வீதியிலும் ஒலிக்கிறது. இயற்றியவர் பெயர் தெரியாமலே அதைப் பாடுகிறவர்களும் உண்டு. தம் பாட்டை ஊரார் தங்கள் பாட்டாகவே ஏற்றுக்கொள்வதைவிட ஒரு கவிஞருக்கு வேறு என்ன பேறு வேண்டும்?