எலும்பில் பிறந்த தொழிற்சாலை



சென்ற விடுமுறையில் ஹனூருக்குப் போயிருந்தேன். மாதேசுவரன் மலைக்குச் செல்லும் வழியில் உள்ள எங்கள் ஊர், 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. தருமபுரிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி அங்கே குடியேறிய குடும்பம் எங்களுடையது. ஒரு நாள் எலும்பு வாங்குபவர் ஒருவர் வந்து, மேட்டில் கிடந்த மாட்டெலும்புகளை மூட்டை கட்டிச் சென்றார். இவை எதற்குப் பயன்படும் என்று அப்பா கேட்டார். எருவாகும் என்றேன். அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. இரசாயனத்தில் முதுகலை படிக்கும் எனக்கு வெட்கமாக இருந்தது.

வேறு ஒரு குழப்பமும் என் மனத்தில் இருந்தது. ஆறு மாதம் ஒரு தொழிற்சாலையில் தங்கி, கழிவு குறைந்த உற்பத்தி முறையை ஆராயுமாறு என் பேராசிரியர் சொல்லியிருந்தார். ஆராய்ச்சிக்கூடத்தை விட்டுத் தொழிற்சாலைக்குப் போவது படிப்புக்கு இழுக்கு என்று எண்ணி, விடை கூறாமலே ஊருக்கு வந்துவிட்டேன். அந்த நிலையில்தான் ஆசாரியர் பிரபுல்ல சந்திர ராயின் வாழ்க்கையைப் படித்தேன்.

ராய் 1861 ஆகஸ்டு 2ஆம் நாள், இன்று வங்காள தேசத்தில் உள்ள ராருளி என்னும் சிற்றூரில் பிறந்தார். 1882இல் உதவித்தொகை பெற்று எடின்பரோ சென்றார். 1887இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1889இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார். மாதச் சம்பளம் 250 ரூபாய். அன்று படித்த இளைஞர்களுக்கு அரசாங்க உத்தியோகம் ஒன்றே குறிக்கோள். இரசாயனம் கற்றவர்களுக்கு வேலை தரத் தொழிற்சாலைகள் இல்லை. மருந்துகளெல்லாம் கப்பலில் வந்தன. இந்த நிலையைக் கண்டு ராய் வருந்தினார், வருந்தியதோடு நின்றுவிடவில்லை.

முதலில் எலுமிச்சைச் சாற்றிலிருந்து சிட்ரிக் அமிலம் எடுத்துப் பார்த்தார். கட்டுப்படியாகவில்லை. பிறகு கசாப்புக் கடைகளில் வீணாகும் எலும்புகளின்மேல் அவர் கண் சென்றது. எலும்பைச் சுட்டால் எஞ்சும் சாம்பல் பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட். அதைக் கந்தக அமிலத்தோடு சேர்த்துப் பின் சோடா இட்டால் மருந்துக்கு வேண்டிய சோடியம் பாஸ்பேட் கிடைக்கும். மூட்டை மூட்டையாக எலும்பு வாங்கி வீட்டு மாடியில் காய வைத்தார். மழை பெய்தது, எலும்பு அழுகியது, காக்கைகள் கூடின, அண்டை வீட்டார் சண்டைக்கு வந்தார்கள். ஊருக்கு வெளியே எடுத்துச் சென்று இரவில் எரித்தபோது, பிணத்தை எரிக்கிறார்களோ என்று காவலர்கள் ஐயுற்றனர்.

இவ்வாறு, கையிலிருந்த சில நூறு ரூபாயோடு 1892இல் தொடங்கியதுதான் வங்காள இரசாயனத் தொழிற்சாலை. பகலில் கல்லூரி, மாலையில் மருந்து வேலை என்று அவர் உழைத்தார். துணை நின்ற டாக்டர் அமுல்ய சரண் போஸ் 1898இல் பிளேக் நோய்க்கு இரையானார். ஆயினும் 1901இல் அது கூட்டுப் பங்கு நிறுவனமாயிற்று. இன்றும் அரசு நிறுவனமாக நடக்கிறது.

ஆனால் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அவர் வளர்த்த மாணவர் கூட்டமே. இரசாயனம் பயின்ற ராஜசேகர போஸ் 1903இல் அத்தொழிற்சாலையில் சேர்ந்து நெடுங்காலம் அதை நடத்தினார். பரசுராம் என்னும் பெயரில் வங்காளத்தைச் சிரிக்க வைத்தவரும் அவரே. மற்றொரு மாணவர் ஞான சந்திர கோஷ், 1939 முதல் 1948 வரை நம் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநராக இருந்தார். பின் கரக்பூர் தொழில்நுட்பக் கழகத்தின் முதல் இயக்குநரானார். ஆராய்ச்சியும் தொழிலும் ஒரே குடும்பம் என்பதை இவர்கள் ஆசிரியரின் வாழ்விலேயே கண்டவர்கள். மணம் புரியாத ராய், அறுபது வயதுக்குப் பின் தம் பல்கலைக்கழகச் சம்பளத்தை வாங்காமல் இரசாயனத் துறைக்கே விட்டுவிட்டார். கல்லூரி அறையொன்றிலேயே வாழ்ந்து 1944 ஜூன் 16ஆம் நாள் மறைந்தார்.

அவரிடம் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். அண்டை வீட்டார் மூக்கைப் பிடித்த பிறகுதானே எலும்பு இடம் மாறியது? நாற்றம் ஊருக்கு வெளியே போயிற்று; ஒழிந்துபோகவில்லை. 1998இல் அனஸ்தாஸ், வார்னர் என்னும் இருவர் பசுமை இரசாயனத்துக்குப் பன்னிரண்டு நெறிகளை வகுத்தனர். கழிவை உண்டாக்கிவிட்டுத் துடைப்பதைவிட, உண்டாகாமல் காப்பதே மேல் என்பது முதல் நெறி. கண்ணாடிக் குடுவையில் ஒரு துளிக் கழிவு நமக்குப் பொருட்டாகத் தெரியாது. தொழிற்சாலையில் அதுவே டன் கணக்கில் ஆற்றுக்குப் போகும். அங்கே போய் நின்று பார்க்காதவனுக்கு இந்தக் கணக்கு எப்படிப் புரியும்?

ஊரிலிருந்து திரும்பியதும் பேராசிரியரிடம் சம்மதம் தெரிவித்துவிட்டேன். அடுத்த முறை அப்பாவுக்கு எலும்பின் கதையை முழுதும் சொல்வேன். நண்பர்களே, உங்களுக்கும் இத்தகைய வாய்ப்பு வரும்போது, தொழிற்சாலைதானே என்று தள்ளிவிடாதீர்கள். மாடியில் எலும்பு உலர்த்திய அந்தப் பேராசிரியரை நினைத்துக்கொள்ளுங்கள்.