அர்ச். கோதலீவம்மாள்

பெல்ஜியம் தேசத்தில், கடற்கரைக்குச் சமீபமாக, கிஸ்தெல் என்றொரு ஊர் உண்டு. அங்கே 1070-ம் ஆண்டில் கணவனுடைய ஏவுதலால் கொலையுண்ட ஒரு குடும்பப் பெண்ணை அவ்வூரார் இன்றும் தங்கள் பாதுகாவலியாக வணங்கி வருகிறார்கள். அவளே அர்ச். கோதலீவம்மாள்.

பிரான்சு தேசத்துப் பூலோன் பட்டணத்தின் அருகே, பக்தியுள்ள பிரபுக் குடும்பத்தில் அவள் பிறந்தாள். தரித்திரருக்கு இரங்குவதே அவளுக்கு இன்பம். கிஸ்தெல் ஊர்ப் பிரபுவாகிய பெர்த்துல்ப் அவளைப் பெண் கேட்டு மணந்துகொண்டான். ஆனால் கலியாண வீட்டிலேயே துன்பம் தொடங்கியது. மாமியார் மருமகளின் கறுத்த கூந்தலைக் கண்டு, காக்கை என்று பழித்தாள். பெர்த்துல்பின் மனமும் உடனே மாறிற்று. மனைவியை வெறுத்து ஒதுக்கி, வேலைக்காரர் கையில் விட்டான். அவளுக்கு அளந்து கொடுத்த அப்பத்தையும் வரவரக் குறைக்கச் சொன்னான். அந்தச் சிறு பங்கிலும் அவள் ஏழைகளுக்குக் கொடுத்தாள்.

பொறுக்க முடியாத நிலை வந்தபோது, கோதலீவம்மாள் வெறுங்காலோடும் பசியோடும் நடந்து தகப்பன் வீட்டுக்குத் தப்பி வந்தாள். தகப்பன் பிளாந்தர் நாட்டு அதிபதியிடம் முறையிட்டார். வழக்கு மேற்றிராணியாரிடம் போயிற்று. மனைவியைச் சேர்த்துக்கொண்டு மரியாதையாய் நடத்தவேண்டும் என்று பெர்த்துல்புக்குக் கட்டளை பிறந்தது. அவனும் சம்மதித்தான். எல்லாரும் நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். ஆனால் அந்த வீட்டில் அவள் உயிருக்குக் காவல் யார் என்பதற்கு ஒருவரும் வழிசெய்யவில்லை.

அவள் திரும்பிப் போனாள். சில காலம் சென்று, ஜூலை மாதத்து இரவொன்றில், பெர்த்துல்ப் ஊரில் இல்லாத வேளை பார்த்து, அவன் ஏவிய இரு ஊழியர் அவளை வெளியே அழைத்து, கழுத்தை நெரித்து, தண்ணீரில் அமிழ்த்திக் கொன்றார்கள். இயல்பாய் இறந்ததுபோல் தோன்றும்படி சடலத்தை மீண்டும் கட்டிலில் கிடத்தினார்கள். 1084-ம் ஆண்டில் மேற்றிராணியார் இராத்போத் ஆண்டவர் அவள் எலும்புகளை எடுத்துப் பீடத்துக்கு உயர்த்தி, அவளை அர்ச்சியசிஷ்டவளாக அறிவித்தார். பெர்த்துல்ப் பின்னர் மனந்திரும்பிச் சந்நியாசியானான் என்பது பரம்பரைச் செய்தி.

பிரியமான பெற்றோரே, மெய்விவாகத்தின் கட்டு அறாதது. ஆனால் அடிபட்டுச் சாவது மனைவியின் கடமை என்று திருச்சபை போதிப்பதில்லை. உயிருக்கோ ஆத்துமத்துக்கோ கடும் ஆபத்து உண்டாக்குபவரைப் பிரிந்து வாழ, 1917-ம் ஆண்டுச் சட்டத் தொகுப்பும் 1983-ம் ஆண்டுத் தொகுப்பும் இடமளிக்கின்றன. தாமதித்தால் ஆபத்து என்றால், உத்தரவுக்குக் காத்திராமலே பிரியலாம். பலவீனரையும் பிள்ளைகளையும் காக்கப் பிரிவு சிலவேளை நன்னெறிப்படியே அவசியமாகும் என்று, காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2016-ம் ஆண்டில் எழுதினார்.

ஆகையால் உங்கள் மகள் காயத்தோடு வாசலில் வந்து நின்றால், ஊர் என்ன சொல்லும் என்று எண்ணி அவளை அன்றைக்கே திருப்பி அனுப்பாதீர்கள். கதவைத் திறங்கள், சோறிடுங்கள், அவள் சொல்வதைக் கடைசிவரை கேளுங்கள். மருமகன் நாலு பேர் முன் கொடுக்கும் வாக்கை மட்டும் நம்பி ஏமாறாதீர்கள். கோதலீவம்மாளைத் திருப்பி அனுப்பியவர்களும் அப்படியொரு வாக்கை நம்பியவர்களே.

அவளுடைய திருநாள் ஜூலை 6.