சட்டசபையின் எம்டன்

சித்தூரிலிருந்து பங்காருபாளையம் வழியாகப் பலமனேர் செல்லும் சாலையில் அன்றாடம் வேலைக்குப் போய்வரும் தமிழர்கள் ஏராளம். இந்த மாவட்டம் 1953 வரை சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்திருந்தது. அந்நாளில் இங்கிருந்து டில்லி சென்று, சர்க்கார் செலவிடும் பணத்துக்கு விளக்கம் கேட்பதையே தம் பணியாகக் கொண்டவர் மாடபூசி அனந்தசயனம் அய்யங்கார்.

திருப்பதியை அடுத்த திருச்சானூரில் 1891 பிப்ரவரி 4ஆம் தேதி பிறந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பட்டம் பெற்று, சட்டமும் பயின்றார். முதலில் பார்த்த உத்தியோகம் கணித ஆசிரியர் வேலை. 1915இல் வக்கீல் தொழிலில் இறங்கினார். கணக்கும் சட்டமும் சேர்ந்த இந்தப் பயிற்சியே பின்னாளில் அவருக்குக் கைகொடுத்தது.

1934இல் மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வெள்ளையர் ஆட்சியின் வரவு செலவை அவர் புள்ளிவிவரங்களுடன் துருவிக் கேள்வி கேட்க, அவருக்கு 'சட்டசபையின் எம்டன்' என்ற பட்டப்பெயரே வந்துவிட்டது. 1914இல் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசிய ஜெர்மானியக் கப்பல்தான் எம்டன். தனிநபர் சத்தியாக்கிரகத்திலும் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்திலும் சிறை சென்றார். அரசியல் நிர்ணய சபையிலும் அங்கம் வகித்தார்.

எதிரி ஆட்சியில் குற்றம் காண்பது எளிது. சொந்தக் கட்சி ஆளும்போதும் அதே கண்டிப்பைக் காட்டுவதே கடினம். அந்தச் சோதனை 1950இல் வந்தது. அவ்வாண்டு பாராளுமன்றத்தில் மதிப்பீட்டுக் குழு அமைந்தது. துணைச் சபாநாயகராக இருந்த அய்யங்காரே அதன் முதல் தலைவர்.

அந்தக் குழுவின் வேலை என்ன? செலவழித்த பிறகு வவுச்சரைச் சரிபார்ப்பது தணிக்கை. குமாஸ்தா உத்தியோகம் பார்ப்பவர்களுக்கு இது தெரிந்ததே. மதிப்பீட்டுக் குழு கேட்பது வேறு கேள்வி. இந்த வேலைக்கு இவ்வளவு பணம் அவசியமா, இதைவிடச் சிக்கனமாக முடிக்க வழியில்லையா என்று அது ஆராய்கிறது. இலாகா அதிகாரிகளை அழைத்து விசாரித்து, சபைக்கு அறிக்கை தருகிறது. மந்திரிகளுக்கு அதில் இடமில்லை. முதலில் 25 பேராக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை 1956இல் 30 ஆயிற்று.

மாவ்லங்கர் மறைந்தபின், 1956 மார்ச்சில் அய்யங்கார் லோக் சபையின் சபாநாயகரானார். 1957 டிசம்பரில், ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் பணம் முந்த்ரா கம்பெனிகளில் முதலீடு செய்யப்பட்ட விவகாரத்தை ஆளுங்கட்சி உறுப்பினரான பெரோஸ் காந்தியே சபையில் கிளப்பினார். அது அய்யங்கார் சபாநாயகராக இருந்த காலம். விசாரணை நடந்து, நிதி மந்திரி டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1958இல் ராஜினாமா செய்தார். பாலிசிதாரர்களின் பணத்துக்கு மந்திரியும் பதில் சொல்லியாக வேண்டும் என்பதை நாடு கண்டது.

1952இல் திருப்பதியும் 1957, 1962 தேர்தல்களில் சித்தூரும் அவரை லோக் சபைக்கு அனுப்பின. 1962இல் பீகார் கவர்னராகி 1967 வரை அப்பதவியில் இருந்தார். 1978 மார்ச் 19ஆம் தேதி காலமானார்.

அவர் தலைமையில் தொடங்கிய மதிப்பீட்டுக் குழு இன்றும் ஆண்டுதோறும் அமைக்கப்படுகிறது. சம்பளத்தில் வரியாகவும் கடையில் வாங்கும் பண்டத்தின் விலையிலும் சர்க்காருக்குப் பணம் கட்டுபவர்கள் நாம். அந்தப் பணத்துக்குக் கணக்குக் கேட்கும் உரிமையை நம் சார்பில் பயன்படுத்திக் காட்டிய இம்மண்ணின் மைந்தரை நினைவில் வைப்பது நம் கடமை.